நாற்பத்திரண்டாவது ஞாயிறு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது ஜெபராஜ் அழைத்தார். அவர் ஞானபாக்கியபுரம் சபையின் உபதேசியார். குரு இல்லாத நாட்களில் ஊரில் ஜெபம் நடத்துகிறவர்.

“அண்ணாச்சி, பொன்மணி அம்மா விடியக்காலம் தவறிட்டாவ.”

குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பாதியில் கீழே வைத்தேன். பிறகு அவரே கேட்டார்: “பேப்பர்ல போடுவியல்லா? பேருக்குக் கீழ என்னன்னு போடுவிய?”

நியாயமான கேள்வி. பல ஆண்டுகளாக இரங்கல் செய்திகள் எழுதி வருகிறேன். குருவானவர் ஒருவர் இறந்தால், இன்ன சேகரத்தின் குரு என்று ஒரு வரி வரும். ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் ஊர்களை எல்லாம் சேர்த்துச் சேகரம் என்பார்கள். அருட்திரு. பொன்மணி எஸ்தர் அவர்களுக்கு அப்படி ஒரு சேகரம் இருந்ததில்லை. ஒரு குரு போய் அடுத்தவர் வராத இடைவெளியில், சபை இரண்டாகப் பிளந்து நிற்கும் நேரத்தில், நிறுவனர் இறந்து தொண்டு நிறுவனம் திகைத்து நிற்கும் மாதங்களில் அம்மா அங்கே போவார்கள், சொன்ன காலம் வரை இருப்பார்கள், திரும்பிவிடுவார்கள். அபிஷேகம் பெற்ற நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அவர்கள் செய்த ஊழியம் இதுதான். இதற்கு நம்மிடம் பதவிப் பெயர் கிடையாது. செய்தியில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். “சார், பதவி விட்டுப்போச்சு” என்றார் செய்திப் பிரிவில் இருந்தவர். விட்டுப்போகவில்லை என்று சொன்னேன்.

அவர்களை நான் முதலில் பார்த்தது ஒரு பேருந்து நிறுத்தத்தில். ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஊரில் குளத்து மடை உடைந்ததைப் பற்றி எழுதப் போயிருந்தேன். அந்த ஊர் ஐயர் அதற்கு முந்தின மாதம் திடீரென்று இறந்திருந்தார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவை ஐயர் என்றுதான் சொல்வார்கள். தற்காலிகமாக வரும் ஐயரை வரவேற்க நான்கு கமிட்டிக்காரர்கள் ரோஜா மாலையோடு நின்றார்கள். டவுண் பஸ் வந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்மணி ஒரு பையும் குடையுமாக இறங்கினார்கள். கமிட்டிக்காரர்கள் அவர்களைத் தாண்டிப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

“ஐயர் பின்னால வாராவளா அம்மா?” என்று ஒருவர் கேட்டார்.

“முன்னாலயே வந்துட்டாவ” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்கள்.

மாலை வைத்திருந்தவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐயரின் மனைவியை ஐயரம்மா என்பார்கள். ஐயரே பெண்ணாக வந்தால் எப்படிக் கூப்பிடுவது என்று அங்கே யாரும் யோசித்திருக்கவில்லை. அவர்களே வழி சொன்னார்கள்: “அம்மான்னு கூப்பிடுங்க. நாலு மாசத்துக்கு அது போதும்.” பதவிக்கு வந்து இறங்கிய இடத்திலேயே, போகும் நாளைச் சொல்லும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. மாவட்டச் செய்தியாளனாக நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் போக மறுத்தவர்கள்.

ஏன் இப்படி என்று பின்னொரு நாள் கேட்டேன். அவர்களுடைய தந்தையும் குருவாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் கடைசியாக ஊழியம் செய்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டார். “அப்பா நல்லவங்கதான். ஆனா கல்யாணமா, சண்டையா, எல்லாத்துக்கும் ஜனங்க அப்பாகிட்டதான் வந்தாங்க. அடுத்தடுத்து வந்த மூணு ஐயரும் அழுதுட்டுத்தான் போனாங்க. ஒருத்தர் எங்க வீட்டு வாசல்லயே நின்னு அழுதாரு. அப்ப எனக்குப் பதினாலு வயசு.” அவ்வளவுதான் சொன்னார்கள். ஒரு இடத்தை விட்டுக் கிளம்பினால் மறுபடி அங்கே போவதில்லை என்பதை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள் என்றால், முன்பு வேலை பார்த்த ஒரு ஊரின் வழியாகப் போகும் பேருந்தில்கூட ஏறமாட்டார்கள், சுற்றுவழியில் போவார்கள்.

சபைகள் மட்டும் அல்ல. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் பெண்களுக்காக ஒரு சங்கம் இருந்தது. அதைத் தொடங்கி நடத்திய பெரியவர் காலமானதும் சங்கம் அசையாமல் நின்றுவிட்டது. யாரைக் கேட்டாலும் “பெரியவர் இருந்தா என்ன சொல்லுவாரோ” என்பார்கள். அவருடைய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயே திறப்பார்கள். பொன்மணி அம்மா ஆறு மாதத்துக்கு அங்கே போனார்கள். முதல் மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. நான்காவது வாரம் எல்லோரையும் உட்காரவைத்து, பெரியவரைப் பற்றி அவரிடமே சொல்லப் பயந்த ஒரு விஷயத்தை ஆளுக்கொன்று சொல்லும்படி கேட்டார்கள். சங்கத்தைப் பற்றி எழுதப் போயிருந்த நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். கடைசியில், சங்கத்தில் காபி போடும் அம்மாள் எழுந்தார்.

“சொன்னா பாவமோ என்னவோ. பெரியவருக்குக் கருப்பட்டிக் காபி ஆகாது. அவருக்கு மட்டும் சீனி போட்டுத் தனியா கொண்டு போவேன். கதவைச் சாத்திக்கிட்டுதான் குடிப்பாரு.”

“ஏ, எங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றார் இன்னொருவர். “சீனி டப்பாவை நீ கருப்பட்டிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பியே.”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பல வருடம் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது, சிலர் அழுதார்கள். பொன்மணி அம்மா, “இப்ப அவரு மனுஷராயிட்டாரு. இனி நீங்க வேலையைப் பார்க்கலாம்” என்றார்கள். அந்த வாரமே பெண்கள் தங்களுக்குள் ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். படம் அங்கேயேதான் இருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞானபாக்கியபுரத்துக் காரியம் இதற்குப் பிறகு நடந்தது. ஆறு கடலை நெருங்கும் பகுதியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். சபை கூடும் கோயில் சுண்ணாம்பில் கட்டிய பழைய கட்டடம். சுவரில் விரிசல் விட்டிருந்தது. இடித்துவிட்டுக் கோபுரத்தோடு புதிதாகக் கட்ட வேண்டும் என்றது ஒரு கட்சி. மும்பையில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய ஆசீர் அதற்குத் தலைவர். விரிசலை அடைத்தால் போதும், முன்னோர் கட்டியதில் கைவைக்கக் கூடாது என்றது மறு கட்சி. அதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செல்லத்துரை வாத்தியார். பேச்சு முற்றி, ஒரு நாள் காலை ஆசீர் தரப்பு கோயில் கதவைப் பூட்டியது. அன்று மாலையே வாத்தியார் தரப்பு அதற்குக் கீழே இன்னொரு பூட்டைப் போட்டது. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இருந்த ஐயர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். புதிதாக வர யாரும் சம்மதிக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. ஞாயிறுதோறும் ஜெபராஜ் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தரப்புக்கும், ஒன்பது மணிக்கு ஆசீர் வீட்டுக் களத்தில் மற்றவர்களுக்கும் ஆராதனை நடத்தினார். “ஒரே பிரசங்கந்தான் அண்ணாச்சி. ரெண்டாந்தடவை சொல்லும்போது கொஞ்சம் நல்லா வரும். வாத்தியார் ஆளுக அதுக்கும் கோவிச்சுக்கிட்டாவ” என்று என்னிடம் சொன்னார். ஆசீர் தரப்பு ஊருக்குத் தெற்கே தனிக் கோயில் கட்ட மனை பார்த்துவிட்டது. அங்கே அஸ்திவாரக் கல் விழுந்துவிட்டால் அந்தச் சபை ஒன்றாகாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் பொன்மணி அம்மாவைப் பேராயர் அனுப்பினார்.

அவர்கள் யாரிடமும் சாவி கேட்கவில்லை. சமாதானக் கூட்டம் போடவில்லை. இரண்டு இடத்தில் ஆராதனை நடத்த மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பூட்டிய கதவுக்கு முன்னால் கோயில் படியில் போய் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் நாலு பேர்: ஜெபராஜ், அவர் மனைவி, நான், ஆசீரின் தாயார் ஞானத்தாய் அம்மாள். எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாளுக்கு எந்தக் கட்சியும் இல்லை. “களத்தைவிட இது எனக்குக் கிட்ட” என்றார்.

ஆராதனை முடிவில் பொன்மணி அம்மா அறிவிப்புச் செய்தார்கள்: “நான் இங்கன இருக்கப்போறது நாப்பத்தொரு ஞாயிறு. ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் நாப்பது.”

விஷயம் ஊரெல்லாம் பரவியது. மறுநாள் ஆசீர் வந்தார். “அம்மா, எங்க களத்துல பந்தல் இருக்கு, ஃபேன் இருக்கு. நீங்க எதுக்குப் படியில கிடந்து வேகுதிய?”

“கோயிலுக்குத்தான் அண்ணாச்சி என்னை அனுப்பியிருக்காங்க. கோயில் பூட்டியிருக்கு. அதான் படியில இருக்கேன்.”

அவர் போனதும் வாத்தியார் வந்தார். “நீங்க யாரு பக்கம்னு தெரிஞ்சாத்தான் நாங்க வரதா வேண்டாமான்னு சொல்ல முடியும்.”

“நான் போற ஆளு வாத்தியார். போற ஆளுக்கு என்ன பக்கம்?”

அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. ஆசீர் ஆட்கள் படிக்கு வடக்கேயும் வாத்தியார் ஆட்கள் தெற்கேயும், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். இங்கேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். கோயில் வாசல் மேற்கே பார்த்தது. காலை ஒன்பது மணிக்குக் கட்டடத்தின் நிழல் முற்றம் முழுதும் விழுந்திருக்கும். வெயில் ஏற ஏற நிழல் படியை நோக்கிச் சுருங்கும். பிரசங்கம் நடுவில் வரும்போது வெயிலில் மாட்டிக்கொண்டவர்கள் பாயை இழுத்துக்கொண்டு முன்னால் நகர்வார்கள். பத்தரை மணிக்கு வடக்கும் தெற்கும் ஒரே நிழலில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருக்கும். நடுவில் விட்ட இடம் காணாமல் போயிருக்கும். அம்மாவின் பிரசங்கம் வாராவாரம் நீண்டுகொண்டே போனது.

“தெரிஞ்சுதான் செய்யுதீங்களா?” என்று கேட்டேன்.

“சூரியன் செய்யுது அண்ணாச்சி. நான் கொஞ்சம் இழுத்துப் பேசுதேன்.”

ஒவ்வொரு ஞாயிறும் மீதி எண்ணிக்கையைச் சொன்னார்கள். முப்பது இருந்தபோது யாரும் கவலைப்படவில்லை. பத்து என்றதும் முற்றத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஐந்து என்ற அன்று இரு கட்சிக்காரர்களும் கூடிப் பேசினார்கள். கதவைத் திறப்பது பற்றி அல்ல. அம்மாவை இன்னும் ஒரு வருடம் இருக்க விட வேண்டும் என்று பேராயருக்கு மனு எழுத. ஆசீரும் வாத்தியாரும் ஒரே தாளில் ஒருவர் பெயருக்குக் கீழே மற்றவர் கையெழுத்துப் போட்டார்கள். பேராயரும் சம்மதித்துவிட்டார். அம்மா அந்த மனுவை வாங்கி நிதானமாகப் படித்தார்கள். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

“ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது போதும், நான் போறதுக்கு.”

நாற்பத்தொன்றாவது ஞாயிறு வந்தது. கதவு திறக்கவில்லை. பெண்கள் அழுதார்கள். ஞானத்தாய் அம்மாள், “என்னை அடக்கம் பண்ணிட்டாவது போங்கம்மா” என்று அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார். பொன்மணி அம்மாவின் கண்களும் கலங்கியிருந்தன; அதை நான் பார்த்தேன். இருந்தும் திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில், அதே பை, அதே குடையோடு ஏறிப் போய்விட்டார்கள். பத்து மாத சமரச முயற்சி தோல்வி என்று நான் எழுதினேன். செய்தி புதன்கிழமை வெளியானது. அன்று காலை அவர்களே அழைத்தார்கள். கோபமாக இருப்பார்கள் என்று நினைத்தேன்.

“செய்தியில தப்பு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒரு ஞாயிறு முந்தி எழுதிட்டீங்க, அவ்வளவுதான்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக அடுத்த ஞாயிறு நான் மறுபடியும் ஞானபாக்கியபுரம் போனேன்.

ஒன்பது மணிக்குப் பழக்கத்தில் எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். நிழல் விரிந்து கிடந்தது. படி காலியாக இருந்தது.

“ஆரம்பியும் வே” என்றார் வாத்தியார், ஜெபராஜைப் பார்த்து.

“எங்க நின்னு ஆரம்பிக்க?”

“படியில நில்லும்.”

“அது அம்மா இடம். நான் நிக்க மாட்டேன்.”

“அப்ப எங்க களத்துக்கு வாங்க” என்று யாரோ சொன்னார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஞானத்தாய் அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏலே ஆசீரு. இன்னும் எத்தனை ஞாயிறுலே?”

“எதுக்கும்மா?”

“எண்ணிக்கிட்டு வந்தோம்லா.”

“அது போன வாரமே முடிஞ்சிட்டு.”

“முடிஞ்சா, இனி யாரு வருவா?”

ஆசீர் காலிப் படியைப் பார்த்தார்.

“ஒருத்தரும் வரமாட்டாவ. அப்ப நான் செத்தாலும் என்னை இந்தப் படியிலதான் கிடத்தப்போற. சாவியை எடுலே.”

ஆசீர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதற்குள் வாத்தியார் எழுந்து போய்த் தன் பூட்டைத் திறந்துவிட்டார். ஆசீருடைய பூட்டில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்து இறுகியிருந்தது.

“பூட்டு வாங்கத் தெரியுது. எண்ணெய் விடத் தெரியலை” என்றார் வாத்தியார்.

“நீரு விட்டீராக்கும்?”

“மாசாமாசம். பொழுது இருட்டினதும் யாரும் பார்க்காம வந்து விட்டேன் வே. திறக்காமலா போயிரும்னு.”

சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். ஒரு தம்ளரில் தேங்காய் எண்ணெயோடு திரும்பினார். அவர் ஊற்ற, ஆசீர் சாவியை முன்னும் பின்னும் அசைக்க, கால் மணி நேரம் ஆனது. கதவு திறந்தபோது உள்ளே தரை முழுதும் சருகும் புறா எச்சமுமாக இருந்தது. அன்று ஆராதனை நடக்கவில்லை. பெண்கள் வீட்டுக்குப் போய்த் துடைப்பமும் குடத்தில் தண்ணீரும் கொண்டு வந்தார்கள். ஜெபராஜ் கூட்டிக்கொண்டே ஒரு பாட்டைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். என் செய்தித் தொழிலில் கண்ணெதிரே நடந்ததை எழுதத் தெரியாமல் நின்ற நாள் அது. தலைமை தாங்கியவர் அங்கே இல்லை. அவர்கள் இல்லாமல் இருந்ததுதான் அங்கே நடந்த காரியம். பிறகு விரிசலையும் அடைத்தார்கள், நிழல் விழும் முற்றத்தில் புதிதாக ஒரு முகப்பு மண்டபமும் கட்டினார்கள். தாங்கள் சொன்னதே நடந்தது என்று இரு கட்சியும் இன்றுவரை சொல்லிக்கொள்கின்றன.

அன்று மாலையே நான் தச்சநல்லூருக்குப் போனேன். அம்மா அங்கே ஓய்வுபெற்ற செவிலியரான தங்கையோடு இருந்தார்கள். “ஞானபாக்கியபுரத்துல இன்னைக்கு...” என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்கள்.

“அந்த ஊர்ச் செய்தி இனி அங்க வரப்போற ஐயருக்கு உரியது. என்கிட்ட சொல்லக் கூடாது. காபி குடிக்கீங்களா?”

பத்து மாதம் படியில் உட்கார்ந்து உழைத்ததன் பலனைக் காதால் கேட்கவும் மறுத்தார்கள். அதற்குப் பின் எத்தனையோ முறை பார்த்தேன். அந்தக் கதவு திறந்ததா என்று ஒருமுறைகூட அவர்கள் கேட்டதில்லை. பெரிய மனிதர்கள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கொண்டுபோன செய்தியைச் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பியது அந்த ஒரு மாலையில்தான்.

கடைசி ஆறு மாதம் நோய். மருத்துவர் விவரம் சொன்ன அன்று, “தேதி சொல்லாம நான் கிளம்புறது இதுதான் முதல் தடவை” என்று தங்கையிடம் சொன்னார்களாம். புதன்கிழமை பாளையங்கோட்டையில் அடக்கம் நடந்தது. பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். ஞானபாக்கியபுரத்துக்காரர்கள், வண்டியைத் தங்கள் ஊர் வழியாக ஒருமுறை கொண்டு போகலாமா என்று தங்கையிடம் கேட்டார்கள். “அக்கா சம்மதிக்க மாட்டாங்க” என்று அந்த அம்மாள் சொன்னதும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், சபையில் ஊழியம் செய்த குருமார் பெயரும் காலமும் எழுதிய பலகை இருக்கிறது. ஒருவர் போன மாதத்தில் அடுத்தவர் வந்திருப்பார். ஒரே ஒரு இடத்தில் மட்டும், இரண்டு பெயர்களுக்கு நடுவே மூன்று ஆண்டுகள் யார் பெயரும் இல்லை. “அம்மா பேரை அங்கன எழுதலாம்னு கமிட்டியில பேசுனோம்” என்றார் ஆசீர். “பலகை எழுதுனவன் மேலயும் கீழயும் நெருக்கி எழுதிப்போட்டான். நுழைக்கணும்னா யாரையாவது அழிக்கணும். அம்மா திட்டுவாவ.”

பலகையில் கடைசிப் பெயருக்கு நேரேயும் காலம் முடிந்ததாக எழுதியிருந்தது. அந்த ஐயர் போன மாதம் மாற்றலாகிப் போயிருக்கிறார். அடுத்தவர் வரும் வரை யாரையாவது அனுப்பட்டுமா என்று பேராயர் அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், நாங்க பார்த்துக்கிடுதோம் என்று இவர்கள் பதில் எழுதிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஜெபராஜ் ஆராதனையைத் தொடங்கினார். வாத்தியார் வேதம் வாசித்தார். மறைந்தோருக்காக நன்றி சொன்னபோது, போன மாதம் இறந்த இருவர் பெயரோடு சேர்த்து, பொன்மணி அம்மா பெயரையும் ஜெபராஜ் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். அறிவிப்பு நேரத்தில், ஒலிபெருக்கியை எந்தத் தூணில் கட்டுவது என்று வாத்தியாருக்கும் ஆசீருக்கும் சத்தமாகவே ஒரு தகராறு நடந்தது. அது முடியும் வரை சபை காத்திருந்தது. பிறகு எல்லோரும் எழுந்து பாடினார்கள். அந்த ஊருக்கு இப்போது ஐயர் இல்லை. உள்ளே இருந்த யாருக்கும் அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மா, அன்று மாலை நீங்கள் கேட்க மறுத்த செய்தி இதுதான். போய் வாருங்கள் என்று சொல்வது எங்கள் வழக்கம். திரும்பி வருவது உங்கள் வழக்கம் இல்லை. போங்கள் அம்மா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.